மேசையில் வை

ஸ்வான் க்ரீக், ஒஹாயோ
செப்டம்பர் 18, 2018

மலிண்டா,

கர்த்தரின் பெயரால் வாழ்த்துச் சொல்லி, மழை வந்ததா, சோளம் அறுத்தாயிற்றா என்று விசாரித்துத்தான் நம் வீட்டில் கடிதம் தொடங்கும். இன்று எனக்கு அதற்குக் கை வரவில்லை.

நேற்று திங்கள், துணி துவைக்கிற நாள். கொடியில் போர்வையைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முட்டை வாங்கச் சபைக்கு வெளியே உள்ள ஆங்கிலக்காரர்கள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இறங்கியவள் டாரா மெக்லஸ்கி. சாயங்கால வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லி, மேட்டில் எங்கள் குதிரை வண்டியை இடித்து என் மகள் லிடியானைக் கொன்றவள். அடக்கத்துக்கு மறுநாளே பெற்றவர்களாக நானும் ஆட்லியும் அவள் வீட்டுப் படியேறி, "மன்னித்துவிட்டோம்" என்று சொல்லிவிட்டு வந்தோமே, அவளேதான். பத்திரிகைக்காரர்கள்கூட எங்களைப் புகழ்ந்து எழுதினார்கள்.

கையில் ஒரு கத்தைக் காகிதம் வைத்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "இது நீங்கதானே? இந்தப் பொம்பளை நீங்கதானே?" என்றாள். வாங்கிப் படித்தேன். உன் பல்கலைக்கழகத்தின் பெயர், உன் துறையின் பெயர், அதற்குக் கீழே உன் பெயர்.

பெயர்களை மாற்றியிருக்கிறாய். ஊரை இந்தியானாவுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். என் லிடியானை டேனியல் என்று ஒரு பையனாக்கியிருக்கிறாய். பால்பல் விழுந்து, புதுப்பல் முளைத்து, அதை நாள் முழுக்க நாக்கால் தடவிக்கொண்டிருந்த என் பெண்ணை, மலிண்டா! ஆனால் அந்தக் கேக்கை மட்டும் அப்படியே விட்டிருக்கிறாய். மன்னிக்கப் போன வீட்டுக்குப் புளிப்புச் செர்ரி கேக் செய்து, வேண்டுமென்றே ஒரு துளி சர்க்கரைகூடப் போடாமல் கொண்டுபோய்க் கொடுத்த அம்மாக்காரி. உலகத்தில் இதைச் செய்தவள் ஒருத்தி, தின்றவள் ஒருத்தி. தின்றவள் படித்துவிட்டாள்.

அதை நான் ஆட்லியிடம்கூடச் சொல்லவில்லை. அடக்கத்துக்கு வந்துவிட்டு நீ திரும்பிப் புறப்பட்ட அன்று கோழிக் கொட்டகையில் வைத்து உன்னிடம் மட்டும் சொன்னேன். சபை விலக்கிவைத்தவளிடம் சொன்னால் ஊருக்குள் திரும்பி வராது என்று நம்பினேன். கிணற்றில் போட்ட கல் என்று நினைத்ததை நீ கூரைமேல் ஏற்றி வைத்திருக்கிறாய்.

நான் போர்வையை அப்படியே சேற்றில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குள் பக்கத்து வீட்டு வெர்னா வேலியோரம் வந்து நின்றுவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நீ எழுதியதை எடுத்துவிடு. போன் செய்யாதே. போன் கொட்டகை மூன்று வீட்டுக்கும் பொது, உனக்குத் தெரியும்.

சலோமா

*

பிட்ஸ்பர்க்
செப்டம்பர் 22, 2018

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். துறையின் இணையப் பக்கத்திலிருந்து அந்தக் கட்டுரையை எடுக்கச் சொல்லிவிட்டேன், எடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே யார் யார் பதிவிறக்கி வைத்திருக்கிறார்களோ, அதை என்னால் திரும்ப வாங்க முடியாது.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சாக்கு என்று நினைக்காமல் படி. பண்பாட்டிடை ஆய்வில் முதுகலை செய்கிறவர்கள் யாரிடம் பேசினாலும் சம்மதம் வாங்க வேண்டும். அதற்கென்று ஒரு நெறிக்குழுவே இருக்கிறது. நான் மற்ற எல்லோரிடமும் வாங்கினேன். உன்னுடையதை மட்டும் "ஆய்வாளரின் சொந்தக் குடும்ப அனுபவம்" என்று போட்டேன். அப்படிப் போட்டால் யாருடைய சம்மதமும் தேவையில்லை. குழுவும் கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்டது. லிடியான் என் அக்கா மகள், நானும் அழுதேன், ஆகவே அது என் கதையும்தான் என்று நினைத்தேன்.

உனக்கு ஒன்று தெரியாது. இங்கே வகுப்பில், காரும் மின்சாரமும் வேண்டாமென்று வாழும் நம் ஆட்களைப் பற்றி வாரம் ஒருமுறை பேச்சு வரும். எங்கோ ஏசியில் உட்கார்ந்துகொண்டு, "இந்த மக்கள் வலியே இல்லாமல் மன்னிக்கிறார்கள், அவர்கள் பண்பாடு அப்படி" என்பார்கள். அக்கா, உன்னை மரக்கட்டை என்று சொல்வதுபோல் எனக்கு இருக்கும். அந்தக் கேக்கைப் பற்றி நான் வகுப்பில் சொன்ன அன்று எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். என் பேராசிரியர் ஹெலன் விட்டகர் மட்டும், "மலிண்டா, இதுதாம்மா உன் ஆய்வு. மத்ததெல்லாம் சும்மா" என்றார். நீ மனுஷி என்று நிரூபிக்கத்தான் எழுதினேன்.

எனக்கும் ஒரு ஆற்றாமை உண்டு, சொல்லிவிடுகிறேன். லிடியானின் அடக்கத்தன்று எனக்குத் தனி மேசை போட்டார்கள். அது விதி, விட்டுவிடு. சமையலறையில் நீ சுவரில் சாய்ந்து நின்றாய். நான் காப்பி ஊற்றி உன்னிடம் நீட்டினேன். பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த நாளில், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "மேசையில வை" என்றாய். வைத்தேன். பிறகுதான் எடுத்தாய். ஞானஸ்நானம் எடுத்தபின் படிக்கப் போனவள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தால் வலிக்காதா?

நவம்பர் 2 எனக்கு வாய்மொழித் தேர்வு. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் இந்தப் படிக்கு வர எனக்கு எத்தனை வருடம் ஆயிற்று என்று நீதான் அறிவாய். என்ன செய்யட்டும், சொல்.

மலிண்டா

*

ஸ்வான் க்ரீக்
அக்டோபர் 1, 2018

மலிண்டா,

நேற்று சபையில் ஆலோசனைக் கூட்டம். திருவிருந்துக்கு இரண்டு வாரம் முன்பு ஒவ்வொருவரிடமும் கேட்பார்களே: தேவனோடும் சபையோடும் எல்லா மனிதரோடும் சமாதானமா? ஒருத்தி இல்லை என்றாலும் அப்பமும் திராட்சரசமும் யாருக்கும் கிடையாது. நீ மறந்திருக்க மாட்டாய்.

ஒரு வீட்டுக் களஞ்சியத்தில்தான் கூடினோம். சபை ஊழியரான டீக்கன் பெண்கள் பெஞ்சு வழியாக ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆமென்று சொல்வதும் தலையசைப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது. வெர்னா சமாதானம் என்றாள். வேலியோரம் நின்று பார்த்ததை ஊரெல்லாம் பரப்பினவளுக்குச் சமாதானத்துக்கு என்ன குறைச்சல்! என் முறை வந்தது. வாய் ஆமென்று சொல்லத்தான் திறந்தது. "இல்லை" என்று வந்துவிட்டது.

டீக்கன் காது கேட்காதவர்போலக் குனிந்து, "என்னம்மா?" என்றார்.

"எனக்குச் சமாதானம் இல்லைங்க."

ஆண்கள் பக்கம் ஆட்லியின் பின்கழுத்து சிவந்துபோனதை நான் பார்த்தேன். திருவிருந்து தள்ளிப் போய்விட்டது. முப்பது குடும்பம் என் ஒருத்தியால் காத்திருக்கிறது. குதிரையைப் பூட்டும்போதுகூட ஒருவரும் எங்களிடம் பேசவில்லை.

எல்லோரும் என்ன நினைக்கிறார்கள்? நான் டாராவை மன்னிக்கவில்லை, பாசாங்கு செய்தேன், உன் காகிதம் அதை அம்பலப்படுத்திவிட்டது என்று. அது உண்மையாக இருந்தது. போன வியாழக்கிழமை வரைக்கும்.

வியாழக்கிழமை டாரா மறுபடி வந்தாள். அன்று ஏனோ கதவைச் சாத்த எனக்குத் தெம்பில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள். "நான் மூணு வருசமா தேடித் தேடிப் படிச்சேன். உங்க ஆளுங்க நிஜமா மன்னிப்பாங்களா, இல்ல சும்மா சொல்றாங்களான்னு. அப்படித்தான் உங்க தங்கச்சி எழுதினது கண்ணுல பட்டுச்சு" என்றாள்.

"இப்ப என்ன வேணும் உனக்கு?" என்றேன்.

"நீங்க என்னை மன்னிச்சீங்களா?"

"இல்ல."

அவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். மூன்று வருடமாக அடக்கிவைத்த மூச்சு மாதிரி இருந்தது. "அந்தக் கேக்கை வாயில வச்சதுமே தெரிஞ்சுது. எங்கப்பா, 'அந்த ஆளுங்க இப்படித்தான் சப்புன்னு செய்வாங்க, தூக்கிப் போடு'ன்னார். நான் போடல. ஒரு துண்டு விடாம நானே தின்னேன். ஊரே என்கிட்ட 'பரவாயில்ல, பரவாயில்ல'ன்னுச்சு. நெசத்தைச் சொன்னது அந்தக் கேக் ஒண்ணுதான்" என்றாள்.

அந்தப் புளிப்பை முழுசாகத் தின்றிருக்கிறாள், மலிண்டா. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் அழுதோம். லிடியானின் பல்லைப் பற்றிச் சொன்னேன். அவளோடு எனக்கு இப்போது ஒரு வழக்கும் இல்லை. எப்போது போயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

சமாதானம் இல்லாதது உன்னோடுதான். அவள் தெரியாமல் எடுத்தாள். நீ தெரிந்தே எடுத்தாய்.

சலோமா

*

பிட்ஸ்பர்க்
அக்டோபர் 6, 2018

அக்கா,

உன் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லப்போவதில்லை. நேற்று ஹெலன் விட்டகரிடம் போனேன். ஆய்வேட்டில் உன் கதை இருக்கிற நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு, "பேரெல்லாம்தான் மாத்தியாச்சே, வேற என்ன?" என்றார்.

"எங்க ஊர்ல பேரை வச்சு யாரையும் அடையாளம் காண மாட்டாங்க. செஞ்சதை வச்சுத்தான் காண்பாங்க" என்றேன்.

"அதை எடுத்துட்டா உன் ஆய்வேட்டுல என்னம்மா மிச்சம் இருக்கு? நூலகத்துல கிடைக்கிற மேற்கோள்தான். தேர்வுக்குழுவுக்கு நான் என்னத்தைக் காட்டுறது?"

"எங்க அக்கா சம்மதிக்கல."

"உன் சொந்த அனுபவம்னு நீதானே எழுதிக் கொடுத்தே?"

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கூடப் படிக்கிற பையன்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள். இரண்டு பண்பாட்டுக்கு நடுவே பாலம் கட்டுகிறவர்கள் என்று எங்கள் துறை வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பாலம் என்றால் இரண்டு பக்கத்தாரும் மிதித்துக்கொண்டு போவார்கள் என்பதை எழுதவில்லை.

அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். தேர்வு ரத்தாகிவிட்டது. அடுத்த பருவத்துக்கு உதவித்தொகை இருக்காது என்று துறையில் சொல்லிவிட்டார்கள். நான் இனி என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அங்கே இடமில்லை, இங்கேயும் போயிற்று. காலையில் எழுந்திருக்கத் தோன்றவில்லை. சாப்பிட்டால் மண் தின்கிறமாதிரி இருக்கிறது.

இப்போதாவது சமாதானம் என்று சொல்வாயா? எனக்காக இல்லை, உனக்காக. அடுத்த ஞாயிறு மறுபடி கேட்பார்களே. சொல்லிவிடு அக்கா, காலில் விழுந்து கேட்கிறேன்.

மலிண்டா

*

ஸ்வான் க்ரீக்
அக்டோபர் 15, 2018

மலிண்டா,

நீ அத்தியாயத்தை எடுத்ததைப் படித்ததும் என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. உன் படிப்பு போயிற்று என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். கோபமும் கலக்கமும் ஒரே சட்டியில் கொதிக்கின்றன. எதை முதலில் இறக்குவது?

நேற்று இரண்டாவது கூட்டம். அதற்கு முன்னால் சனிக்கிழமை பிஷப் நோவா வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர்தான், உனக்கே தெரியும், நீ போனபோது அழுதவர். ஆட்லி நாற்காலி போட்டான். பிஷப் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த ஓட்டுநர்ப் பொண்ணோட சமாதானமாயிட்டியாமே, சலோமா. நல்லது. அப்புறம் எதுக்கும்மா இல்லைன்னே?" என்றார்.

"என் தங்கச்சியோட இல்லைங்க."

அவர் முகம் தெளிந்துவிட்டது. ஏதோ முடிச்சு அவிழ்ந்தமாதிரி. "அட, அவ்வளவுதானா! அவ சபையில இல்லையேம்மா. சபையில இல்லாதவளோட உனக்கு என்ன சமாதானம், என்ன சண்டை? மலிண்டாவைக் கணக்குல எடுக்கத் தேவையில்ல. நாளைக்கு ஆமென்னு சொல்லிடு. திருவிருந்து நடக்கட்டும்."

ஆட்லி என்னைப் பார்த்தான். பாவம், அவன் கண்ணில் கெஞ்சல். அவன் அம்மா வேறு பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருக்கிறாள், அடுத்த வசந்தத் திருவிருந்தைப் பார்ப்பாளோ என்னவோ. சரிங்க என்றுதான் நானும் தலையசைத்தேன். ராத்திரி படுத்து யோசிக்கும்போதும் சரி என்றுதான் இருந்தது. எத்தனை சுலபம்! மேலாகப் பார்த்தால் ஒரு வார்த்தை.

ஞாயிறு டீக்கன் என் முன்னால் வந்து குனிந்தார். இந்த முறை பெஞ்சு முழுக்க என்னையே பார்த்தது. ஆமென்று சொன்னால் என்ன அர்த்தம் என்று அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது. நீ என் தங்கை இல்லை என்று அர்த்தம். அந்நியரை நினைத்து யாருக்காவது இப்படி நெஞ்சு எரியுமா? கூடப் பிறந்தவள் என்பதால்தானே எரிகிறது.

"இல்லைங்க. எனக்குச் சமாதானம் இல்லை. அவ என் தங்கச்சி" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

யாரோ ஒருத்தி விம்மினாள். ஆட்லியின் அம்மா என்று பிறகு சொன்னார்கள். வீடு வரும் வரைக்கும் ஆட்லி குதிரையைத் தவிர யாரோடும் பேசவில்லை. வந்து இறங்கியதும், "உனக்கு அவ முக்கியமா, நாங்க முக்கியமா?" என்றான். அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

மூன்றாவது முறையும் தள்ளிப்போட மாட்டார்கள். என்னை ஒதுக்கி உட்காரவைத்துவிட்டுத் திருவிருந்தை நடத்துவார்கள். அதற்குப் பிறகும் நான் வளையாவிட்டால் என்ன வரும் என்பது உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சலோமா

*

பிட்ஸ்பர்க்
அக்டோபர் 19, 2018

அக்கா, அக்கா,

என்ன காரியம் செய்துவிட்டாய்! சொல்லிவிடு. நான் உனக்கு யாருமில்லை என்று சொல்லிவிடு. வாயால் சொல்வதுதானே, நான் ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். விலக்கி வைக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நான் பன்னிரண்டு வருடமாக அதற்குள் இருக்கிறேன். யாரும் அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். அன்பாகத்தான் தனி மேசை போடுவார்கள். அந்த அன்புதான் கொல்லும். நான் தனி ஆள், படிப்பு என்று ஓட ஒரு திசை இருந்தது. உனக்கு ஆட்லி எதிரே உட்கார்ந்திருப்பான், உன் கையால் ஒரு ரொட்டித் துண்டு வாங்க மாட்டான். உன் இரண்டு பையன்களும் வளர்ந்து ஞானஸ்நானம் எடுக்கிற நாள் முதல் உன் கையைப் பார்த்துப் பின்வாங்குவார்கள். லிடியானின் கல்லறைக்குப் போகும்போதுகூட உன்னோடு யார் நடப்பது?

இதற்கெல்லாம் காரணம் நான் எழுதிய ஒரு கேக்! அதை எழுதிய கையை வெட்டிப் போடலாம்போல இருக்கிறது. ராத்திரி பகல் தெரியவில்லை. ஆய்வேட்டை முழுக்கக் குப்பையில் போட்டேன், திரும்ப எடுத்தேன், மறுபடி போட்டேன். பஸ் ஏறி வந்து பிஷப்பின் முன்னால் மண்டியிடட்டுமா? படித்ததெல்லாம் தவறு என்று சொல்லி உள்ளே வந்துவிடட்டுமா? பொய்தான். உனக்காகச் சொல்கிறேன். என் உயிர் போனாலும் பரவாயில்லை, நீ உன் பெஞ்சில் உட்கார வேண்டும்.

என்னைக் கணக்கில் எடுக்காதே அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன். தங்கச்சி இல்லை என்று சொல்லிவிடு.

மலிண்டா

*

ஸ்வான் க்ரீக்
அக்டோபர் 29, 2018

மலிண்டா,

வராதே. பொய் சொல்லி மண்டியிடுவதற்காக நீ அத்தனை வருடம் படிக்கவில்லை.

நேற்று திருவிருந்து முடிந்தது. நான் பின்சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அப்பம் எல்லார் கைக்கும் போயிற்று, என்னைத் தாண்டிப் போயிற்று. முடிவில் ஒருவர் காலை ஒருவர் கழுவுவதற்குப் பெண்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்தார்கள். எனக்கு ஜோடி இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என் செருப்பையே பார்த்தேன். எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்று எழுதியிருந்தாய். இனி அப்படி எழுத முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ஆட்லி அடுப்பில் விறகு வைத்தான். அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு, "அந்தக் கேக்ல சர்க்கரை இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். வழியில ஒரு ஓரத்தைப் பிச்சு வாயில போட்டேன்" என்றான். மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை, பார்! "எனக்கும் சேர்த்துத்தான் நீ செஞ்சேன்னு நெனைச்சேன்" என்றான்.  சொல்லிவிட்டு அவன் எழுந்து போகவில்லை.

நீ எழுதியதை, டாரா கொண்டுவந்த காகிதத்தில், இப்போது பொறுமையாக முழுக்கப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், கழுதை. ஆனால் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அது தெரிந்துதானே நீ கேட்கவில்லை. அதை என்ன செய்வது என்று நேரில் பேசலாம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். லிடியான் பையன் இல்லை, பெண்.

சனிக்கிழமை பிட்ஸ்பர்க் வருகிறேன். டாராதான் காரை ஓட்டுகிறாள். ஊரில் வேறு எந்த ஓட்டுநரைக் கூப்பிட்டாலும் எங்கே என்று கேட்பார்கள், இவள் கேட்கவில்லை. அந்த மேட்டில் மட்டும் மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறேன். ஆட்லியிடம் சொல்லிவிட்டேன். தடுக்கவில்லை. "குளிரும், சால்வை எடுத்துக்கோ" என்றான். திரும்பி வரும்போது எனக்கு எந்த மேசை என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஆகவில்லை. வந்து உன்னைத் திட்டத்தான் போகிறேன்.

வந்ததும் எனக்குக் காப்பி ஊற்று. மேசையில் வைக்காதே. கையில் கொடு.

உன் அக்கா